தேங்காய்க் களத்தில் ஒரு துபாய் ரோடு: கொழிஞ்சாம்பாறை ஆசானிடம் எட்டு நாள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் ரோட்டில், ஒரு தென்னந்தோப்புக்குள்ளே கொப்பரை காயப்போடும் சிமெண்டுக் களம் இருக்கிறது. காலை ஆறரைக்குப் போனால், அறுபது தாண்டிய ஒரு மனிதர் வாளி நிறையச் சுண்ணாம்புத் தூளோடு குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு பழைய ஆட்டுக்கல். அதைச் சுற்றி இரண்டு வட்டம். நாலு பக்கமும் ரோடு. களத்தின் ஓரத்தில் வெள்ளை மாருதி 800. எங்கள் ஊரில் துபாய் லைசென்சுக்குத் தயாராக இதுதான் இடம்.

போர்டு கிடையாது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு அம்மிணி, தேவைப்படறவங்க விசாரிச்சு வரட்டும்" என்றார். அதனால் ஊரில் எல்லாரும் கூப்பிடுவதுபோல ஆசான் என்றே எழுதுகிறேன். கேரளத்தில் வண்டி சொல்லித் தருகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்களுக்கும் அவர் ஆசான்தான்.

நான் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். துபாயில் வேலை கிடைத்தபோது, சேர்ந்த சில மாதங்களுக்குள் அந்த ஊர் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2017-இல் எங்கள் பக்கத்துச் சித்தூரில் எடுத்த கேரள லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் தனியாகவே ஓட்டிப் போயிருக்கிறேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை வைத்து ஒருவர் என்னிடம் காசு பார்த்தார். பக்கத்து டவுனில் விசா வேலை பார்க்கும் ஒரு ஏஜெண்ட், "இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துட்டா அங்க நேரா வண்டியில ஏறலாம்" என்று சொல்லி 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆசானிடம் போன முதல் நாள் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "விசிட் விசாவா, வேலை விசாவா?" வேலை விசா என்றதும் அந்தச் சின்னப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது உனக்கு உதவாது கண்ணு."

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் தனி லைசென்ஸ் இல்லை. நம்முடைய லைசென்சை வெளிநாட்டுப் போலீஸ்காரர் படித்துப் புரிந்துகொள்வதற்கான துணைத் தாள், அவ்வளவுதான். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் நகல், 1,000 ரூபாய் கட்டணம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷம் செல்லும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வாடகைக் கார் எடுக்க இது உதவும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா கையில் வந்துவிட்டால், இதைக் காட்டி ஓட்டுவதும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் ஒன்றுதான். பிரிட்டன் போன்ற சில நாட்டு லைசென்சைக் கொடுத்துவிட்டு அங்கத்திய லைசென்சை நேராக மாற்றிக்கொள்ளலாம். இந்திய லைசென்சுக்கு அந்தச் சலுகை இல்லை. பொதுவாக நாம் அங்கே ஒரு டிரைவிங் பள்ளியில் சேர்ந்து, வகுப்பு முடித்து, தேர்வில் பாஸானால்தான் உண்டு. கையில் இருக்கும் லைசென்சுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் துபாயில் 10 மணி நேர வகுப்பு, இரண்டிலிருந்து ஐந்து வருஷம் என்றால் 15, அதற்கும் கீழே என்றால் 20. எனக்குப் பத்து.

6,500 ரூபாய் போனது போனதுதான். கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் எடுத்துட்டுப் போறாங்க" என்றார் ஏஜெண்ட். இதைப் படிக்கிற ஒரு ஆளாவது தப்பித்தால் எனக்கு அது போதும்.

ஆசானைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவிலும் துபாயிலும் ஓட்டியவர். முதலில் தண்ணீர் டேங்கர், கடைசிப் பத்து வருஷம் ஸ்கூல் பஸ். ஊருக்குத் திரும்பித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், அங்கே போய் மூன்று தடவை, நான்கு தடவை தேர்வில் தோற்ற பையன்கள் வந்து புலம்பியிருக்கிறார்கள். தோற்கும் ஒவ்வொரு தடவையும் கூடுதல் வகுப்பு, மறுபடி கட்டணம். வாங்கும் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். அப்படித்தான் இந்த வகுப்பு தொடங்கியிருக்கிறது. எட்டு நாள், தினமும் ஒன்றரை மணி நேரம், ஒரு தடவைக்கு நாலு பேர், 3,000 ரூபாய். இந்திய லைசென்ஸ் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. "முதல்ல டிரைவிங் ஸ்கூல்ல படிச்சு லைசென்ஸ் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார். அவர் வண்டி ஓட்டக் கற்றுத்தருவதில்லை. ஓட்டத் தெரிந்தவர்களைப் பக்கம் மாற்றுகிறார்.

என்னோடு இருந்தவர்கள், ஷார்ஜாவில் டெலிவரி வேன் ஓட்டப் போகும் வடகரப்பதிப் பையன், கணவரிடம் போய்ச் சேரும் நல்லேப்பிள்ளி அக்கா, மீனாட்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அண்ணன். அக்காவுக்கு மலையாளம்தான் சரளம், எங்கள் மூவருக்கும் தமிழ். ஆசான் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். எல்லையில் பிறந்தவர்களுக்கு அதில் சிரமம் ஒன்றுமில்லை.

முதல் நாள் காரைத் தொடவே விடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு களத்துக்கு வரச் சொன்னார். சுண்ணாம்பு ரோட்டின் ஒரு ஓரத்தில் நிறுத்தி, "அந்தப் பக்கம் போ" என்றார். நான் போனேன். வலது பக்கம் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று காலை எடுத்து வைத்தேன். இடது பக்கத்திலிருந்து அவருடைய பேரன் சைக்கிளில் வந்து என் இடுப்பருகே பிரேக் அடித்தான். பன்னிரண்டு வயதுப் பையன். அவனுக்கு இது தினசரி வேலை. யாரும் இடது பக்கம் பார்க்க மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

"செத்துட்ட அம்மிணி" என்றார் ஆசான், குரலை உயர்த்தாமல். "வண்டி ஓட்டறது அப்பறம். முதல்ல நடக்கப் படி."

அன்றைக்கு ஒன்றரை மணி நேரமும் நடந்தோம். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போவதால், ரோட்டில் காலை வைத்ததும் நம்மேல் முதலில் வருவது வலது பக்கத்து வண்டி. பிறந்ததிலிருந்து கழுத்துக்கு அதுதான் பழக்கம். அங்கே வண்டி வலப்பக்கம் போகிறது. முதலில் வருவது இடது பக்கத்திலிருந்து. இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கழுத்துக்குப் புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. நாற்பது தடவை கடந்திருப்பேன். கடைசியில்தான் கேட்காமலே முகம் இடது பக்கம் திரும்பியது. "முதல் பார்வை இடம்" என்பதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். வெட்கமாக இருந்தது, சொன்னேன்.

துபாய் போன இரண்டாவது வாரம் இந்த நடை என்னைக் காப்பாற்றியது. அல் குசைஸில் ஒரு சிக்னல் பக்கத்தில் நின்றிருந்தேன். பெரிய ரோட்டுக்கு மனிதன் படம் சிவப்பாக இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வலது பக்கம் திரும்புகிற வண்டிகளுக்கென்று வளைந்து போகும் ஒற்றை வழி ஒன்று இருக்கும். அதற்கு சிக்னல் இல்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் வலது பக்கம் பார்த்துக்கொண்டே அதில் இறங்கினார். எனக்கு யோசிக்க நேரமில்லை, முகம் தானாக இடது பக்கம் திரும்பி, வருகிற வேனைப் பார்த்தது, கை அவர் தோள்பையைப் பிடித்து இழுத்தது. வேன்காரரும் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் திருநெல்வேலிக்காரர், வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இருவரும் நடுங்கிக்கொண்டு அந்தத் திண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இனி கார். வெளியே பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும் ஒரு ஏற்பாடு. நம் ஊர் மாருதியில் ஸ்டியரிங் வலது பக்கம். அங்கே இடது பக்கம். இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிக்கு இங்கே எங்கே போவது? ஆசான் ஒரு பழைய ஸ்டியரிங் வளையத்தை மரக்கட்டையில் பொருத்தி, இடது சீட்டுக்கு முன்னால் டேஷ்போர்டோடு கயிற்றால் கட்டியிருக்கிறார். கற்கிறவர் இடது சீட்டில் உட்கார்ந்து அந்த வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆசான் வலது சீட்டில் நிஜ ஸ்டியரிங்கோடு. "நீ சொல்லு, நான் ஓட்டறேன்." நாம் வளையத்தை எவ்வளவு திருப்புகிறோமோ அதைப் பார்த்து அவர் அதே அளவு திருப்புவார். நடை வேகம்தான்.

பாதையின் வலது கோட்டில் காய்ந்த தேங்காய்களை வரிசையாக வைப்பார். இடது கோட்டில் ஒன்றும் கிடையாது. ஏன் வலதில் மட்டும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வலது சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவருக்கு, தன் வலப்பக்கத்தில் வண்டி அதிகம் இல்லை என்பது உடம்பின் கணக்கு. இடது சீட்டுக்கு மாறினாலும் உடம்பு அதே கணக்கைப் போடும். வலப்பக்கம் ஒரு முழு சீட் அகலத்துக்கு வண்டி இருப்பது மறந்து, அந்தப் பக்கமாகவே ஒதுங்கிப் போய்க்கொண்டிருப்போம். முதல் சுற்றில் நான் ஏழு தேங்காய் இடித்தேன். அந்த நட் நட் என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வடகரப்பதிப் பையன் பதினொன்று. ஆறாம் நாள்தான் ஒன்றுகூட இடிக்காமல் நான் சுற்றி வந்தேன். அந்த ஏழு தேங்காயும் துபாயில் ஒரு நடைபாதைக் கல், நிறுத்தியிருக்கும் ஒரு கார், ஒரு சைக்கிள்காரர் என்று எண்ணிப் பாருங்கள்.

பக்கம் மாறுகிறபோது மறக்காமல் இருக்க அவர் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்: "தோள் நடுவுல, துணை ஓரத்துல." ஓட்டுகிறவரின் வெளித்தோள் எப்போதும் ரோட்டின் நடுப்பக்கம், பக்கத்துச் சீட்டுக்காரர் ஓரப்பக்கம். யோசித்துப் பார்த்தால் நம் ஊரிலும் அதேதான், அங்கேயும் அதேதான். இடமா வலமா என்று குழம்பி நிற்கிற நேரத்தில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தப்பான பக்கத்தில் ஏற முடியாது. குறிப்பாக இடது பக்கம் திரும்பும்போது. இங்கே இடது திருப்பம் சின்னத் திருப்பம், ஓரமாகவே வளைந்துவிடலாம். அங்கே அதுதான் பெரிய திருப்பம், எதிர் ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் சேர வேண்டும். பழக்கத்தில் சின்னதாக வளைத்தால் எதிரே வருகிற வண்டிகளின் முகத்துக்கே போய் நிற்போம்.

ஆட்டுக்கல்லைச் சுற்றிய வட்டத்துக்கு மட்டும் இரண்டு நாள். ரவுண்டானாவை அங்கே எங்கள் ஆட்கள் அரபியில் தவ்வார் என்பார்கள். அதில் வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்குத்தான் முதல் உரிமை, அவர் நம் இடது பக்கத்திலிருந்து வருவார். வலது பக்கம் வெளியேற வெளி வட்டம். இடது பக்கமோ யூ டர்னோ என்றால் உள் வட்டம். நம் ஊரில் ரவுண்டானாவில் யார் முன்னே முகத்தை நுழைக்கிறாரோ அவருக்கு வழி. அங்கே அப்படி நுழைத்தால் தேர்வில் அந்த இடத்திலேயே முடிந்தது. நுழையலாம் என்கிற இடைவெளி கிடைத்த பிறகும் பயந்து நின்றுகொண்டே இருந்தால் அதுவும் தவறுதான். மீனாட்சிபுரத்து அண்ணன் பயந்து பயந்து நின்றார். ஆசான் பேரனின் சைக்கிளையும் பக்கத்து வீட்டுக்காரரின் மொபெட்டையும் சுற்ற விட்டு, "இப்ப", "இப்ப இல்ல" என்று இடைவெளியை எண்ண வைத்தார்.

ஹெட்லைட் விஷயமும் சொல்ல வேண்டும். நம் ரோட்டில் எதிரே வருகிறவர் லைட்டை அடித்துக் காட்டினால் "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். அங்கே பின்னால் வருகிறவர் அடித்தால் "வேக டிராக்கை விட்டு விலகு" என்று அர்த்தம். விலகிவிட வேண்டும், மல்லுக்கு நிற்கக் கூடாது என்பார். ஹாரனை அவர் எங்களைத் தொடவே விடவில்லை.

சட்டங்களைச் சொல்லும்போது அவர் தொகையோடுதான் சொல்வார், நம் ஆட்களுக்குத் தொகை மனதில் நிற்கும் என்று. முகாலஃபா என்று அங்கே எல்லாரும் சொல்வது அபராதத்தை. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் 1,000 திர்ஹாம், 12 கருப்புப் புள்ளி, வண்டி 30 நாள் போலீஸ் வசம். கருப்புப் புள்ளி 24 சேர்ந்தால் லைசென்சையே முடக்கிவிடுவார்கள். இரண்டு சிக்னலில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். போன் கையில் இருந்தால் 800 திர்ஹாம், 4 புள்ளி. வண்டியில் யார் பெல்ட் போடாவிட்டாலும், பின் சீட்டில் இருக்கிறவராக இருந்தாலும், ஓட்டுகிறவருக்கு 400 திர்ஹாம், 4 புள்ளி. வரிக்கோட்டில் நடக்கிறவருக்கு நிற்காவிட்டால் 500 திர்ஹாம், 6 புள்ளி. குடித்துவிட்டு ஓட்டுவதில் கொஞ்சம், நிறைய என்ற பேச்சே இல்லை.

ஸ்கூல் பஸ்ஸைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. பஸ் நின்று பக்கவாட்டில் அந்தச் சிவப்பு ஸ்டாப் பலகை விரிந்தால் மற்ற வண்டிகள் ஐந்து மீட்டர் தள்ளி நின்றாக வேண்டும், நிற்காவிட்டால் 1,000 திர்ஹாம், 10 புள்ளி. "புள்ளிக்காக நிக்காதீங்க. அந்தக் கதவுக்குள்ள இருந்து என்ன இறங்குதுன்னு பாருங்க. உங்க முழங்கால் உயரம் இருக்கும்" என்றார். பத்து வருஷமும் ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கடைசி சீட்வரை நடந்து போய், ஒவ்வொரு சீட்டின் கீழும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பூட்டுவாராம், தூங்கிப்போன குழந்தை ஏதாவது இருக்கிறதா என்று. இன்றைக்கும் மாருதியில் ஏறுமுன் அதை ஒரு முறை சுற்றி வந்து, டிக்கியைக் கையால் தட்டிவிட்டுத்தான் ஏறுகிறார். எங்களையும் அப்படியே செய்ய வைத்தார். அவர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், களத்திலேயே விளையாடுவார்கள். இந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. நோயாளி வீட்டிலிருந்து கிளம்பும்போது, வாசலில் பேரப்பிள்ளைகள் நின்றிருப்பார்கள். சுற்றி வந்து தட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

கடைசி நாள் கார் எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார வைத்து, அறையில் தன்னோடு இருந்த ஒரு டிரைவரின் கதையைச் சொன்னார். இரவில் ரோட்டைக் கடந்த ஒரு கூலித் தொழிலாளி அவர் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். இரண்டு பேருமே நம் நாட்டுக்காரர்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு அங்கே தியா என்ற இழப்பீடு உண்டு, 2,00,000 திர்ஹாம். வண்டியின் இன்சூரன்ஸ் ஒழுங்காக இருந்தால் கம்பெனி கட்டும். லைசென்ஸ் செல்லாததாக இருந்தாலோ குடித்திருந்தாலோ அந்தப் பணத்தை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கும். நான் ஏஜெண்டிடம் வாங்கிய அந்தப் புத்தகம் எவ்வளவு பெரிய குழி என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. ஆசான் கதையை முடித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. உள்ளிருந்து அவர் வீட்டம்மா சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதை நம்பிப் போகிறவர்களுக்குத் துரோகம்.

வேகம் இந்தக் களத்தில் கிடையாது. அங்கே பயிற்சியின் நாலாவது மணி நேரத்தில் சொல்லித் தருகிறவர் என்னை 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆறேழு டிராக் ஓடுகிற ரோட்டுக்குள் சேரச் சொன்னார். பக்க ரோட்டிலேயே வேகம் பிடித்து, இடைவெளி பார்த்து உள்ளே போக வேண்டும். வாயிலில் நின்றுவிட்டால்தான் ஆபத்து. தேங்காய் வரிசையில் நடை வேகத்தில் பழகிய எனக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. இதை ஆசான் வாயால் சொன்னார், ஆனால் வாய்ச் சொல் அதற்குப் போதாது. வகுப்பு முடித்தவர்கள் வாளையாறு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544-இல் பக்க ரோட்டிலிருந்து சேர்ந்து பிரிந்து பழகிவிட்டுப் போவது நல்லது. பக்கம் வேறானாலும் வேகத்தை அளக்கக் கண் பழகும்.

இரண்டாவது, இண்டிகேட்டரும் வைப்பரும். நம் காரில் இண்டிகேட்டர் தண்டு வலது கையில், அங்கே இடது கையில். கட்டை வளையத்தில் தண்டே இல்லை. அங்கே முதல் வாரம் முழுக்க, திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் வைப்பர்தான் ஓடியது. இரண்டு குச்சியைக் கட்டி வைத்தால்கூடப் போதும் என்று ஆசானிடம் சொல்லியிருக்கிறேன். செய்வதாகச் சொன்னார்.

மூன்றாவது, அவருடைய சில தகவல்கள் அவர் அங்கே இருந்த காலத்தவை. நான் படித்தது 2025 பிப்ரவரியில். சாலிக் சுங்க வாயிலுக்கு 4 திர்ஹாம் என்றார். அந்த ஜனவரி 31 முதலே நெரிசல் நேரத்துக்கு 6 ஆகியிருந்தது. லைசென்ஸ் வயது 18 என்றார். மார்ச் 29-இல் வந்த புதிய போக்குவரத்துச் சட்டம் அதை 17 ஆக்கிவிட்டது. அதே சட்டம், 80 கிலோமீட்டரோ அதற்கு மேலோ வேகம் உள்ள ரோட்டைக் கடக்கக் கூடாத இடத்தில் நடந்து கடக்கிறவர்களுக்குச் சிறை வரை தண்டனையைக் கூட்டியிருக்கிறது. இது நடந்து போகிற நம் தொழிலாளர்களுக்கு அவசியம் தெரிய வேண்டிய விஷயம். அங்கே போய் இறங்கியதும் துபாய் போலீஸ், ஆர்டிஏ (துபாய் சாலைப் போக்குவரத்து ஆணையம்) தளங்களில் தொகைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அபுதாபியைப் பற்றியும் அவர் அதிகம் சொல்லவில்லை. துபாயில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் 20 வரை கேமரா விட்டுவிடும். அபுதாபியில் 2018-லிருந்து அந்தச் சலுகை இல்லை, பலகையில் 120 என்றால் 120-தான். எல்லை தாண்டும் டிரைவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நாலாவது, பைக்காரர்களுக்கு இந்த வகுப்பு இல்லை. டெலிவரிக்குப் போகும் பையன்களுக்குத்தான் இது எல்லாரையும்விட அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டதற்கு, "எனக்கு பைக் அங்க ஓட்டிப் பழக்கமில்ல அம்மிணி, தெரியாததைச் சொல்லித் தந்து ஒரு உசிருக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார். அந்த நேர்மைக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் யாராவது செய்ய வேண்டும்.

என் தேர்வு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். தியரி தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், மலையாளத்திலும் உண்டு. நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், முதல் தடவையிலேயே முடிந்தது. பார்க்கிங் தேர்வும் அப்படித்தான். இங்கே லைசென்ஸ் தேர்வுக்கு 'எச்' வடிவத்தில் ஓட்டிப் பழகியபோது, "அந்தக் கம்பி கண்ணாடியில தெரிஞ்சதும் ஸ்டியரிங்கை முழுசா ஒடி" என்று மனப்பாடமாகச் சொல்லித் தந்திருந்தார்கள். கம்பி இல்லாத இடத்தில் அந்த மனப்பாடம் உதவாது. ஆசான் கம்பியே நடவில்லை. பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், அது அங்கே கை கொடுத்தது.

ரோடு தேர்வில் முதல் தடவை தோற்றேன். ஒரே காரில் மூன்று பேரை ஏற்றி ஒவ்வொருவரையாக ஓட்டச் சொல்கிறார்கள். எனக்கு அதிகம் போனால் பத்து நிமிஷம். டிராக் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரியாத அந்த மூலையில் ஒரு வண்டி முழுதாக மறைந்து நிற்க முடியும். களத்தில் ஆசான் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். பதற்றத்தில் விட்டது நான்தான். கூடுதல் வகுப்பு எடுத்து இரண்டாவது தடவை பாஸானேன். நல்லேப்பிள்ளி அக்காவும் இரண்டாவதில். வடகரப்பதிப் பையன் முதல் தடவையிலேயே. எங்கள் அறையில் இருந்த பெண்களில் நாலாவது, ஐந்தாவது தடவைக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். 3,000 ரூபாய் எனக்கு எவ்வளவு மிச்சம் செய்தது என்று அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக, லீவுக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு. ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர் விமானம், விடிகாலையில் இறங்கி வேலந்தாவளம் வழியாக வீடு. மறுநாள் காலை பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்தேன். ஆள் இல்லாத முக்கில் திரும்பியதும் வலது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தேன். எதிரே பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கிறவரை எனக்கு உறைக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த ரோடு அது. ரோட்டில் வேறு வண்டி இருந்தால் அதைப் பார்த்துச் சரியான பக்கம் போய்விடுவோம். காலி ரோடும் தூக்கக் கலக்கமும்தான் ஆபத்து.

நேராக ஆசானிடம் போனேன். லீவில் வருகிற பழைய மாணவர்களுக்கு அவர் காசு வாங்குவதில்லை. "மூணு நாள் வண்டி தொடாதே. ஏர்போர்ட்டுல இருந்து நீயே ஓட்டிட்டு வராதே, அழைக்க வர்ற புருசனையும் தூக்கம் முழிச்சு ஓட்டவிடாதே" என்றார். பிறகு களத்தைக் காட்டினார். சுண்ணாம்பு ரோட்டில் இப்போது அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டிருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றேன். பேரன் இந்தத் தடவை வலது பக்கத்திலிருந்து வந்தான்.

போகிறவர்கள் கவனத்துக்கு: காலை வகுப்பு ஆறரைக்கு, அதைப் பெண்களுக்கு முதலில் கொடுக்கிறார். மாலை வகுப்பு ஐந்துக்கு. தேங்காய் வெட்டு நடக்கும் வாரத்தில் களம் கிடைக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸ் அசலும் விசா நகலும் எடுத்துப் போக வேண்டும். தட்டையான செருப்பு போதும். ஒவ்வொருவரும் முதல் நாள் ஒரு கிலோ சுண்ணாம்புத் தூள் வாங்கிப் போக வேண்டும், மழை வந்தால் ரோடு முழுக்கக் கரைந்துவிடும்.